உப்பு மூட்டையும் கழுத்துச் சுரப்பியும்

நம் கடைகளில் இரவு கதவடைத்த பின்னும் வாசலிலேயே கிடந்த சரக்கு ஒன்று உண்டு. அதுதான் உப்பு மூட்டை. உப்பை யாரும் திருட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் தலைமுறை தலைமுறையாக அப்படிப் போட்டு வைத்தோம். முதலும் குறைவு, லாபமும் குறைவு. ஆகவே கவனமும் குறைவு. ஆனால் நம்மிடம் சரக்கு வாங்கும் குடும்பங்களின் உடல்நலத்தில், அதிலும் கருவிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சியில், இந்த மூட்டைக்குப் பெரும் பங்கு உண்டு. பட்டாசுத் தொழில் நடக்கும் நம் பகுதியில் அந்தப் பங்கு இன்னும் கூடுதல். அது எப்படி என்பதை நம் வணிகப் பெருமக்கள் அறிந்துகொள்வது நல்லது.

சுரப்பிகளின் வேலை

நம் உடலில் நாளமில்லாச் சுரப்பிகள் என்று சில உண்டு. இவை தாம் சுரக்கும் ஹார்மோன்களைக் குழாய் எதுவும் இன்றி நேரே இரத்தத்தில் கலந்து விடுகின்றன. கணையம் தரும் இன்சுலின் சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பி, ஆபத்து வரும்போது இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கிறது. கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு, உடல் எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது.

வியாபாரக் கணக்கில் சொன்னால், தைராய்டு ஓர் உற்பத்திக் கூடம். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி அதன் தலைமை அலுவலகம். இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் இருப்பு குறைந்தால், தலைமை அலுவலகத்திலிருந்து ‘டி.எஸ்.எச்.’ என்ற ஆர்டர் போகும். உற்பத்திக்கு வேண்டிய மூலப்பொருள் அயோடின். டி3, டி4 என்று இரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்க்கிறோமே, அந்த 3, 4 என்பவை அந்த ஹார்மோனில் உள்ள அயோடின் அணுக்களின் எண்ணிக்கைதான்.

மூலப்பொருள் வராவிட்டால் என்ன ஆகும்? ஆர்டர் மேல் ஆர்டர் வரும். சரக்கு கொடுக்க முடியாத கூடம் தன்னையே பெரிதாக்கிக் கொள்ளும். கழுத்தில் வீக்கமாகத் தெரியும் கழலை இப்படி உண்டாவதுதான். ஹார்மோன் குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, எடை கூடுதல், மலச்சிக்கல், மாதவிலக்குக் கோளாறு ஆகியவை வரலாம். கருவுற்ற முதல் மாதங்களில் குழந்தை தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது. அப்போது பெரிய பற்றாக்குறை ஏற்பட்டால் பிள்ளையின் அறிவு வளர்ச்சி பாதிக்கும். பிறகு எத்தனை செலவு செய்தாலும் அதை முழுதாக மீட்க முடியாது.

உப்பு மருந்தான கதை

1956-ல் இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் ஓர் ஆய்வைத் தொடங்கினர். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், மற்றொரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கினர். அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் சில ஆண்டுகளிலேயே கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது.

“நமக்குத்தான் பக்கத்திலேயே தூத்துக்குடி இருக்கிறதே, கடல் உப்பில் அயோடின் இருக்காதா?” என்று கேட்கலாம். கடலில் அயோடின் உண்டு. ஆனால் உப்பளத்தில் விளையும் உப்பில் நிற்பது மிகச் சொற்பம். தனியே கலந்தால்தான் தேவையான அளவு கிடைக்கும். உப்பு விளைவதில் முன்னணி மாநிலங்களில் நம் மாநிலமும் ஒன்று. ஆனால் 2018-19-ல் நடந்த அகில இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் 76.3 சதவீதமாக இருக்க, தமிழ்நாட்டில் 61.9 சதவீதமே இருந்தன. மாநிலங்களில் கடைசி இடம் நமக்குத்தான். உப்பு விளைவிக்கும் நாமே இதில் பின்தங்கி நிற்பது வருந்தத்தக்கது.

நம் பகுதியின் கூடுதல் கவலை

சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தை நாடு அறிந்தது 2021 பிப்ரவரி 12 அன்று நடந்த வெடி விபத்தினால். 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அந்த ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது. சத்தமில்லாத இன்னொன்று நிலத்தடி நீரில் இருக்கிறது.

சிவகாசி, மதுரைப் பகுதி நீரை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. சிவகாசிப் பகுதியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17-ல், பெர்குளோரேட் என்ற இரசாயனம் அமெரிக்கா குடிநீருக்குக் குறித்திருந்த லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற அளவைத் தாண்டியிருந்தது. உச்ச அளவு 7,690 மைக்ரோகிராம். மதுரை மாதிரிகள் எதுவும் அந்த அளவைத் தாண்டவில்லை. பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களே இதன் முக்கிய ஊற்று என்று ஆய்வாளர்கள் கருதினர்.

இது தைராய்டுக்கு என்ன செய்யும்? கூடத்தின் வாசலில் அயோடினை உள்ளே இறக்கும் லோடுமேன் ஒருவன் இருப்பதாக எண்ணிக் கொள்வோம். பெர்குளோரேட் ஏறத்தாழ அயோடின் மூட்டை போலவே இருப்பதால் அவன் ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்கிறான். அயோடினை விட 30 மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறான். அயோடின் வாசலிலேயே நின்று விடுகிறது. 1950-களில், அளவுக்கு மீறி வேலை செய்யும் தைராய்டை அடக்க டாக்டர்கள் இதே பெர்குளோரேட்டை மருந்தாகவே கொடுத்திருக்கிறார்கள்.

ஊரில் இன்னாருக்கு வந்த நோய் இதனால்தான் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. மக்கள் உடல்நலம் பற்றி மேலும் ஆராய வேண்டும் என்றுதான் சொன்னது. ஆகவே பீதி வேண்டாம். தொழிலைக் குறை சொல்வதும் நம் நோக்கமில்லை. ஆனால் ஒன்று தெளிவு. உடலில் அயோடின் போதிய அளவு இருந்தால் இந்தத் தடையைத் தைராய்டு பெரும்பாலும் சமாளித்துக் கொள்ளும். அயோடின் குறைந்தவர்களுக்கு, குறிப்பாகக் கருவுற்ற பெண்களுக்கு, பாதிப்பு அதிகம். அந்த ஆய்வில் குழாய்நீர் மாதிரிகள் மூன்றிலும் இந்த இரசாயனம் மிகக் குறைவாகவே இருந்தது. ஆலைகளுக்கு அருகிலுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கவும் சமைக்கவும் தவிர்த்தல் நலம். கொதிக்க வைப்பதால் பெர்குளோரேட் போகாது.

நாம் செய்ய வேண்டியவை

நேரடியாக உண்பதற்கு அயோடின் இல்லாத உப்பை விற்பதற்குச் சட்டப்படி தடை உண்டு. கடையில் விற்கும் நிலையில் உப்பில் அயோடின் 15 பி.பி.எம்.முக்குக் குறையக் கூடாது. அதாவது கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம், கருவுற்றவருக்கு 250. தினம் 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உண்ணும் உப்பு குறையக் குறைய, அதிலுள்ள அயோடின் வீணாகாமல் இருப்பது முக்கியம்.

1. கல்லுப்பிலும் அயோடின் கலந்தது கிடைக்கிறது. கொள்முதலின்போது மூட்டையில் அச்சிட்டிருப்பதைப் படித்து, பில்லுடன் வாங்குங்கள்.

2. வெயிலும் ஈரமும் அயோடினைக் குறைக்கும். மூட்டையை வாசலில் போடாமல், உள்ளே பலகை மேல் அடுக்குங்கள். பழைய சரக்கை முதலில் தள்ளுங்கள்.

3. தோல் பதனிட, மீன் உலர்த்த, கால்நடைக்கு என்று வரும் அயோடின் இல்லாத உப்பைத் தனியே வையுங்கள். சமையலுக்குக் கேட்பவருக்கு அதை நிறுத்துக் கொடுக்காதீர்கள்.

4. இந்துப்பில் பொதுவாக அயோடின் இல்லை. உடம்புக்கு நல்லது என்று கேட்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

5. மூடியுள்ள பாத்திரத்தில் வைக்கவும், கல்லுப்பைக் கழுவாமல் போடவும், சமையல் முடியும் தறுவாயில் சேர்க்கவும் வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள்.

தைராய்டு நோய் ஏற்கெனவே உள்ளவருக்கு உப்பு மருந்தாகாது. அவர்கள் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் டாக்டர் சொன்னபடி நடக்க வேண்டும்.

மாலையில் பட்டாசு ஆலை வண்டியிலிருந்து இறங்கி, “அண்ணாச்சி, ரெண்டு கிலோ உப்பு” என்று கேட்கும் பெண், அதில் அயோடின் உண்டா என்று கேட்பதில்லை. நம்மை நம்பி வாங்கிப் போகிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பழமொழி. அந்த உப்பை நிறுத்துக் கொடுக்கும் நமக்கும் அந்த நன்றியில் பங்கு வர வேண்டுமானால், இன்றிரவு கடை அடைக்குமுன் வாசலில் கிடக்கும் மூட்டையை உள்ளே எடுத்து வைப்போம்.