ஸ்கேன் சி.டி.யில் மூளையின் சர்க்கரைக் கணக்கு

சென்ற மாதம் ராசிபுரத்திலிருந்து நண்பர் ஒருவர் ஒரு சி.டி.யுடன் வந்தார். அவருடைய அப்பாவிற்கு வயது 71. சில மாதங்களாக மறதி அதிகமாகி, பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் நின்றிருக்கிறார். டாக்டர் சொன்னபடி மூளைக்கு பெட் ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். டாக்டரை மீண்டும் பார்க்க இன்னும் 4 நாட்கள் இருந்தன. அதற்குள் நண்பரின் மகன் வீட்டுக் கம்ப்யூட்டரில் சி.டி.யைப் போட்டுப் பார்த்து, "தாத்தா மூளை பாதி நீலமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டான். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லையாம்.

இப்போது பல ஸ்கேன் மையங்கள் ரிப்போர்ட்டுடன் சி.டி. அல்லது டவுண்லோட் லிங்க் தருவதால், இது எந்த வீட்டிலும் நடக்கலாம். அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

மூளை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் இருக்கையிலும் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது எடுத்துக் கொள்கிறது. அதற்கு முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். நாமக்கல்லில் ஒரு லாரி கம்பெனியில் ஓட்டம் எப்படி என்று அறிய ஷெட்டைப் பார்த்தால் போதாது. டீசல் பில்லைப் பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பெரும்பாலும் ஷெட்டைக் காட்டும். பெட் ஸ்கேன் காட்டுவது டீசல் பில். அல்சைமர் நோயில் மூளையின் சில பகுதிகள் குளுக்கோஸை எடுத்துக் கொள்வது குறைகிறது. மூளை சுருங்கியது எம்.ஆர்.ஐ.யில் தெளிவாகத் தெரிவதற்கு முன்பே பலரிடம் இந்தக் குறைவு தெரிந்துவிடுகிறது.

இதற்காக ஊசி வழியாகச் செலுத்தும் மருந்தின் பெயர் எஃப்.டி.ஜி. இது குளுக்கோஸ் போலவே செல்லுக்குள் நுழையும். ஆனால் முழுதாக எரியாமல் அங்கேயே சிக்கிக் கொள்ளும். அதில் ஒட்டியிருக்கும் ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணு, எங்கே எவ்வளவு சிக்கியிருக்கிறது என்று காட்டிக் கொடுக்கும். மனிதருக்கு முதன் முதலில் இதனைச் செலுத்திப் பார்த்தது 1976ல், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். ஃப்ளோரின்-18 ஏறக்குறைய 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். தயாரிக்கும் இடத்திலிருந்து 3 மணி நேரம் வண்டியில் வந்தால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஸ்கேனுக்குக் குறித்த நேரத்தில் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

ஊசி போட்ட பின் மங்கலான அறையில் பேசாமல் உட்காரச் சொல்வார்கள். அந்த நேரத்தில் செல்போனில் படம் பார்த்தால், பார்வைக்கான பகுதி கூடுதல் சர்க்கரையை எடுத்துக் கொண்டு கணக்கைக் குழப்பிவிடும். இரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தாலும் எஃப்.டி.ஜி. மூளைக்குள் போவது குறையும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதனை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இனி கம்ப்யூட்டர் விஷயம். ஸ்கேன் கருவியின் வளையத்தில் பதிவாகும் கதிர்களை வைத்துக் கம்ப்யூட்டர் தயாரிப்பது, உண்மையில் படம் அல்ல. எண்கள் அடங்கிய அட்டவணை. ஒவ்வொரு சின்னக் கட்டத்திற்கும் ஓர் எண். இது டைகாம் என்ற ஃபார்மட்டில் பதியப்படுகிறது. ஒரு கட்டத்திற்கு 16 பிட் என்றால் 65,536 அளவுகள் சாத்தியம். சாதாரண மானிட்டரோ கறுப்பு வெள்ளையில் 256 அளவுகளைத்தான் காட்டும். எனவே எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை காட்டுவது, எதற்கு எந்த நிறம் கொடுப்பது என்பதை வியூவர் புரோகிராம் முடிவு செய்கிறது. நண்பருக்கு எதிரிலேயே கலர் டேபிள் மெனுவில் வேறு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நீலம் பச்சையானது. விண்டோ லெவல் டூலை எடுத்து மவுஸை இழுத்தேன். பச்சை மஞ்சளானது. எண் ஒன்றுகூட மாறவில்லை. அவர் அப்போதுதான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

டாக்டர்கள் நிறத்தை நம்புவதில்லை. எந்த இடத்தில் குறைவு என்று பார்க்கிறார்கள். அல்சைமரில் பொதுவாகப் பக்கவாட்டிலும் பின்புற நடுப்பகுதியிலும் குறையும். கை கால் அசைவுக்கான பகுதியும் பார்வைப் பகுதியும் ஓரளவு தப்பித்து நிற்கும். முன்பக்கம் மட்டும் முதலில் குறைந்தால் அது வேறு வகை மறதி நோயாக இருக்கலாம். நோயாளியின் படத்தை அதே வயதுள்ள ஆரோக்கியமானவர்களின் படங்களோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடும் சாஃப்ட்வேர்களும் உண்டு. இதிலும் ஒப்பிடும் ஆட்கள் யார் என்பது முக்கியம். ஹரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், இந்தியர்களின் மூளைப் படங்களுக்கென்றே ஸ்வதேஷ் என்ற தகவல் தளத்தை 2020ல் அறிவித்தது. அங்கு பிரவத் மண்டல் குழுவினர் ஊசியே இல்லாமல், எம்.ஆர்.ஐ. கருவியால் மூளையில் குளுட்டாதயோன் என்ற வேதிப்பொருளை அளந்து, அல்சைமரில் அது குறைவதை 2015ல் வெளியிட்டனர்.

இவ்வளவும் இருந்தாலும் பெட் ஸ்கேன் மட்டும் தீர்ப்பு சொல்லிவிடாது. பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றிற்குச் சிகிச்சை உண்டு. அந்தப் பரிசோதனைகளை முடித்துவிட்டீர்களா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

சி.டி. கிடைத்தவுடன் அதில் உள்ள அனைத்து ஃபோல்டர்களையும், டைகாம்டிர் என்ற ஃபைலையும் சேர்த்து ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்திடுங்கள். புதிய லேப்டாப்பில் சி.டி. டிரைவ் இல்லையென்றால் யு.எஸ்.பி.யில் இணைக்கும் டிவிடி டிரைவ் போதும். சி.டி.யிலேயே வியூவர் இல்லாவிட்டால் வீஸிஸ் என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்தலாம். பொதுவாக இந்த ஃபைல்களுக்குள் நோயாளியின் பெயரும் வயதும் பதிந்திருக்கும். ஆகவே கண்ட இணைய தளங்களில் அப்லோட் செய்திட வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நிறம் மட்டும் போகும், எண்கள் போகாது. இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கவும், மீண்டும் ஸ்கேன் எடுக்கவும் போகும்போது பழைய சி.டி.யையே எடுத்துச் செல்லுங்கள். இரண்டின் எண்களையும் வைத்துத்தான் இடையில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அவர்களால் ஒப்பிட முடியும்.