வேரும் வழித்துணையும்

அரபியர் ‘இர்க்குஸ் ஸூஸ்’ என வழங்கும் அதிமதுர வேர், இஸ்லாமிய மருத்துவ மரபில் நெடுங்காலமாகப் போற்றப்பட்டு வருவது. இப்னு சீனா (980–1037) தமது ‘அல் கானூன் ஃபித் திப்’ நூலின் தனிமருந்துப் பகுதியில் இதற்கு இடமளித்துள்ளார். இன்று இவ்வேரின் சாறு முகப்பூச்சுகள் பலவற்றில் சேர்க்கப்படுகிறது. ஆயின், பூசுவதெல்லாம் தோலுக்குள் சென்று சேர்வதில்லை. அதன் காரணத்தை அறிவது நம் பொருளையும் தோலையும் ஒருங்கே காக்கும்.

தோலின் மேலடுக்கு, இறந்த உயிரணுக்களைச் செங்கற்களாகவும் அவற்றிடையே உள்ள கொழுப்பைச் சாந்தாகவும் கொண்ட மதிலை ஒத்தது. 500 டால்ட்டனுக்கு மேற்பட்ட எடையுள்ள மூலக்கூறுகள் அதனை எளிதில் கடப்பதில்லை என்று போஸ், மெய்னார்டி என்னும் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000இல் எடுத்துரைத்தனர்.

அதிமதுரத்துக்கு இனிப்பூட்டும் கிளைசிரைசின் ஏறத்தாழ 823 டால்ட்டன் எடையுள்ளது. நீரை நாடும் இயல்பினது. இவ்விரண்டுமே அதற்குத் தடையாகின்றன. அதன் சர்க்கரைக் கூறுகளை நீக்கினால் எஞ்சும் கிளைசிரெட்டினிக் அமிலம் 471 டால்ட்டனே ஆதலால் அதனைவிட எளிதாக உட்புகக்கூடும். தோலில் நிறமி உருவாக உதவும் டைரோசினேஸ் நொதியைத் தடுக்கும் கிளாப்ரிடினோ 324 டால்ட்டன்தான். எனினும் அது நீரில் கரைவதில்லை. கொழுப்பை மிக நாடுவதால் மேலடுக்கிலேயே தங்கி, நிறமி உருவாகும் ஆழத்துக்குக் குறைவாகவே இறங்குகிறது. வேரைப் பொடித்துப் பன்னீரில் குழைத்துப் பூசுவோருக்குக் கிளாப்ரிடின் பெரும்பாலும் பொடியிலேயே எஞ்சிவிடும்.

ஆகவே, வேரைப் போலவே அதனைச் சுமந்து செல்லும் பொருளும் இன்றியமையாதது. மருந்தை உரிய இடத்துக்கு இட்டுச் செல்லும் துணைப்பொருளை யூனானி ஹக்கீம்கள் ‘பத்ரகா’, அதாவது வழித்துணை என்றனர். சித்த மருத்துவத்தின் அனுபானமும் இக்கருத்தினதே. கொழுப்பு உறையிட்ட நுண்குமிழான லைப்போசோம் இக்கால வழித்துணை எனலாம். எத்தனால் மிகுந்த எத்தோசோம் என்னும் குமிழ் மேலடுக்கின் கொழுப்பை நெகிழ்த்தி வழியுண்டாக்குகிறது. வெளிப்பூச்சில் எத்தனால் கலப்பது குறித்து ஃபிக்ஹு அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேணுதலை நாடுவோர்க்கு எத்தனால் சேராத லைப்போசோமும், பியூட்டிலீன் கிளைக்காலில் கரைத்த சாறும் மாற்றாக உள்ளன.

வழி திறந்தால் மருந்து மட்டுமே நுழையும் என்பதில்லை. பூச்சில் கலந்த நறுமணப் பொருளும் ஒவ்வாமை தருவனவும் உடன் நுழையக்கூடும். எனவே, புதிய பூச்சை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவிச் சில நாட்கள் கவனித்தல் நன்று.

மங்கும் பருத் தழும்பும் மறைய மருந்து தேடுவதில் குறையேதுமில்லை. ஆனால் நம் சமூகத்தில் பெண் பார்க்கும் படலத்தில் கறுப்பு ஒரு குறையாகப் பேசப்படுவதையும், அவ்வச்சத்தால் இளம்பெண்கள் பூச்சுகளை நாடுவதையும் நாம் காண்கிறோம். நிறங்களின் வேறுபாட்டை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக அர்ரூம் அத்தியாயத்தின் 22ஆம் வசனம் கூறுகிறது. அத்தாட்சியை நோயாகக் கருதுவோர்க்கு எந்த வேரிலும் மருந்தில்லை. எந்த வழித்துணையாலும் பயனில்லை.