மலையேறும் பழைய மோட்டார் வண்டி

மொனராகலையிலிருந்து புத்தல வழியாக வெல்லவாய வரும்வரை பழைய மோட்டார் வண்டிக்குப் பெரும் சோதனை ஏதுமில்லை. வெயில் கடுமையாயினும் பாதை பெரும்பாலும் சமதரையே. வெல்லவாயவைக் கடந்து எல்ல நோக்கித் திரும்பியதும் நிலைமை மாறுகின்றது. ஏறக்குறைய 27 கிலோமீற்றர் தூரத்தில் வண்டி 800 மீற்றருக்கும் மேலாக ஏறவேண்டும். கீழே வெயில் தகிக்கும். மேலே பண்டாரவளையில் மாலையானால் போர்வை வேண்டும். இயந்திரத்தைக் குளிர்விக்கும் ஏற்பாடும், பயணிகளுக்குச் சூடளிக்கும் ஏற்பாடும் ஒரே பயணத்திலேயே பரீட்சிக்கப்படுகின்றன.

மொரிஸ் மைனர் என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட இவ்வண்டி இலங்கையில் இன்றும் ஓடுகின்றது. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1960களிலும் 1970களிலும், இருக்கின்ற வண்டியைப் பழுதுபார்த்தே ஓட்டவேண்டியிருந்தது. அந்தக் கைப்பழக்கம் இன்னும் மறையவில்லை. ஆயினும் பூச்சும் இருக்கையும் புதுப்பிக்கப்படும் அளவுக்கு நீரோட்டப் பாதை கவனிக்கப்படுவதில்லை. அது கண்ணுக்குத் தெரியாதல்லவா? மைனர் வண்டியில் வெப்பமானி வழக்கமாகப் பொருத்தப்படவுமில்லை. ஆவி எழும்போதுதான் சாரதி அறிகின்றார். அதற்குள் இயந்திரத்தின் தலைப்பகுதி வளைந்திருக்கலாம். வண்டியை நம்பியிருக்கும் குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு அத்துடன் கரைந்துவிடும்.

முதன்முதலில் வந்த மைனரில் நீரைத் தள்ளும் பம்பு கிடையாது. அடுப்பிலுள்ள கேத்தலில் சூடான நீர் மேலெழ, குளிர்ந்த நீர் கீழிறங்குவதுபோல, இயந்திரத்துக்கும் ரேடியேற்றருக்கும் இடையே நீர் தானாகவே சுழன்றது. பின்னரே பம்பு வந்தது. பம்பு வந்ததனால்தான், சூடான நீரில் ஒரு பங்கைச் சூட்டுப்பெட்டிக்குத் திருப்பிப் பயணிகளின் கால்மாட்டில் வெதுவெதுப்பான காற்றை வீசச் செய்வதும் இயன்றது. ஆகவே சூட்டுப்பெட்டி என்பது வேறொன்றுமல்ல. வண்டிக்குள் வைக்கப்பட்ட ஒரு சிறிய ரேடியேற்றரே. இரண்டிலும் ஓடுவது ஒரே நீர். ஒன்றைச் சீர்செய்து மற்றதை மறந்துவிடுவோர் பாதி வேலையே செய்கின்றனர்.

வறண்ட வலயத்துக் கிணற்று நீரில் சுண்ணம் மிகுதி. கேத்தலின் அடியில் வெண்மையாகப் படியும் அதே படிவு, ரேடியேற்றரின் மெல்லிய பித்தளைக் குழாய்களிலும் படிகின்றது. வார்ப்பிரும்பின் துருவும் அதனுடன் சேருகின்றது. மைனர் போன்ற வண்டிகளில் இச்சேறு இயந்திரத்தின் பின்பகுதியில், கடைசி உருளையைச் சுற்றித் தேங்குவது வழக்கம். நீரை வெளியேற்றும் துவாரத்தைத் திறந்தும் ஒரு சொட்டும் வராவிட்டால், உள்ளே நீர் இல்லை என்று எண்ணலாகாது, சேறு அடைத்திருக்கின்றது. கம்பியால் அதைக் குத்தித் திறக்கவேண்டும்.

ரேடியேற்றரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் நீர் பாய்ச்சினால் படிந்தவை பெயர்ந்துவரும். பெயராவிட்டால், ஈயம் உருக்கி ஒட்டிய தொட்டியைப் பிரித்து உட்குழாய்களைக் கம்பியிட்டுத் துப்புரவு செய்வார்கள்; குழாய்கள் அரித்துப்போயிருந்தால் உட்பாகத்தையே மாற்றுவார்கள். இது தேர்ந்த கையின் வேலை. சூட்டுப்பெட்டிக்கும் இதே மருத்துவம்தான். தேவையில்லை என்று அதன் குழாய்களை அடைத்துப் பல ஆண்டுகள் விட்டிருந்தால், இயந்திரத் தலையிலுள்ள சிறு திறப்பு இறுகிக் கிடக்கும். முறுக்கினால் உடையும்; எண்ணெயிட்டுப் பொறுமையாக அசைக்கவேண்டும். பம்புக்கும் இயந்திரத் தலைக்கும் இடையே விரற்கடை நீளமுள்ள ஒரு குட்டி இறப்பர் குழாய் உண்டு. அதை மாற்றுவது சிரமமாகையால் எல்லோரும் விட்டுவிடுவார்கள். வெடிப்பதும் பெரும்பாலும் அதுவே.

வெப்பநாட்டுக்கு வேண்டாம் என்று தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியும் வழக்கம் இன்னொன்று. இது தவறு. மலையிறங்கும்போது இயந்திரம் அளவுக்கு மீறிக் குளிர்ந்து உருளைகள் தேய்கின்றன. சூட்டுப்பெட்டியிலும் சூடு இராது. நல்ல தேர்மோஸ்ரற் ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் திறக்கும். கொதிக்கவிருக்கும் நீரில் அதைத் தொங்கவிட்டாலே அதன் நலம் தெரிந்துவிடும்.

ரேடியேற்றரின் மூடியை அற்பமென்று எண்ணக்கூடாது. பண்டாரவளை உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 96 பாகையிலேயே கொதிக்கும். சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கம் தாங்கும் மூடி, அந்தக் கொதிநிலையைப் பத்துப் பாகைக்கு மேல் உயர்த்துகின்றது. அதற்காக இன்னும் வலிய மூடியைப் போட்டால் பழைய ஒட்டுகள் பிளந்துவிடும். அமுக்கத்தால் அடக்கப்பட்ட அந்த நீர், சூட்டோடு மூடியைத் திறப்பவரின் முகத்தில் பாயும். ஆறும்வரை காத்திருப்பதே வழி. கொதித்த இயந்திரத்தில் அருவியின் குளிர்நீரை வார்ப்பதும் ஆகாது, வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

ஏற்றத்தில் சூடு மிஞ்சுவதாகத் தோன்றினால், நிறுத்த இடம் காணும்வரை சூட்டுப்பெட்டியைத் திறந்துவிடலாம். உள்ளே இருப்பவர்கள் வியர்த்துப்போவார்கள்; ஆனால் இரண்டாவது ரேடியேற்றர் ஒன்று கிடைத்ததுபோலாகும். முக்கோணச் சிறு சாளரங்களைத் திருப்பி வைத்துச் சற்றுக் காற்று வாங்கிக்கொள்ளலாம்.

எல்லாம் பூட்டிய பின் சுண்ணம் குறைந்த நீரும், துருவைத் தடுக்கும் குளிர்விப்புத் திரவமும் கலந்து ஊற்றவேண்டும். உறைபனியில்லாத இடத்தில் இது எதற்கு என்பவர்கள் துருவை நினைப்பதில்லை. சூட்டுப்பெட்டியின் திறப்பைத் திறந்து வைத்தே நிரப்பவேண்டும். இல்லையேல் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். பின் இயந்திரத்தை ஓடவிட்டு மூடியின்றிப் பார்க்கவேண்டும். நீரில் இடைவிடாது குமிழிகள் எழுந்தால் கோளாறு ரேடியேற்றரில் இல்லை, தலைப்பகுதியின் காஸ்கெற்றில் இருக்கக்கூடும். குமிழி அடங்கி, நீர் மட்டம் நிலைத்தால், மூடியை இறுக்கிவிட்டு வெல்லவாய வரை ஓட்டிப் பார்க்கலாம். மறுநாள் காலை, இயந்திரம் குளிர்ந்திருக்கையில், மட்டத்தை இன்னொரு முறை பார்த்த பின்னரே எல்லப் பாதையில் ஏறவேண்டும்.