கணக்கு வந்த வழி – 9: முந்திரியும் மூணு நூல் கம்பியும்

சோழிகளைத் தரையில் பரப்பி, மனத்தில் இருந்த வாய்பாடுகளை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, 1825-இன் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டிய புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரரைச் சென்ற வாரம் பார்த்தோம். கிரகணம் தொடங்கும் நேரத்தில் நாலு நிமிடம்தான் பிசகு என்று அந்தக் கணிப்பை எழுதிவைத்த ஜான் வாரனின் பதிவிலிருந்து தெரிகிறது. ‘வெறும் நெட்டுருதானே, இது கணிதமாகுமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. எண்சுவடியைப் புரட்டினால் விடை கிடைக்கும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லிப் படித்தவை பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி. பொன்னிலக்கம் ஒன்றிலிருந்து தொடங்காது. 320-இல் ஒரு பங்கான முந்திரியிலிருந்து தொடங்கும். அதென்ன 320?

நம் ஊர்ப் புழக்கத்தில் இரண்டு வகைப் பங்குகள் இருந்தன. பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் அரை, கால், அரைக்கால், மாகாணி (1/16). இருபதாகப் பங்கிட்டால் மா (1/20). மாவையும் மாகாணியையும் எப்படிக் கூட்டுவது? இரண்டுக்கும் பொதுவாக 80-இல் ஒரு பங்கை எடுத்தார்கள், அது காணி. நாலு காணி ஒரு மா, ஐந்து காணி ஒரு மாகாணி. காணியை நாலாக்கினால் முந்திரி. மீச்சிறு பொது மடங்கு என்று இன்று பள்ளியில் படிப்பதுதான் இது. யோசித்து வைத்த ஏற்பாட்டைத்தான் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள்.

அந்தப் பாதிக் கணக்கு இன்னும் சாகவில்லை. கொல்கத்தா நெடுஞ்சாலையில், பெரியபாளையம் சாலை பிரியும் புதுவாயலில் வீடு கட்டுகிற மேஸ்திரியிடம் பேசிப் பாருங்கள். ‘மூணு நூல் கம்பி’ என்பார். எட்டு நூல் ஒரு அங்குலம். ஒரு கயிற்றை மூன்று முறை மடித்தால் எட்டுப் பங்கு, அளவுகோலே வேண்டாம். ஆனால் கடையில் கட்டிவரும் கம்பியில் 10 மி.மீ. என்றிருக்கும். மூணு நூலுக்குச் சரியான அளவு 9.525 மி.மீ. இந்த இடைவெளி எப்படி வந்தது என்று வகுப்பில் கேட்டால் பின்னம், தசமம், மெட்ரிக் முறைக்கு நாடு மாறிய கதை மூன்றும் ஒரே பாடத்தில் வந்துவிடும். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கம்பி அந்நியமல்ல. கணித வரலாறு என்றாலே ராமானுஜன் படத்தை மாட்டி, நாலு வரி பேசி முடிப்பதைவிட இது பயன் தரும். மேதையைப் பார்த்துப் பிள்ளை மலைக்கும். கம்பியைப் பார்த்தால் கணக்குப் போடும்.

இந்த வரலாற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. பொன்னேரி வட்டாரமும் அடங்கிய செங்கல்பட்டு ஜாகிரில் 1767 முதல் 1774 வரை கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தாமஸ் பர்னார்ட் ஏறக்குறைய 2,000 கிராமங்களை அளந்தார். நிலம், வீடு, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் அதில் பதிவாயின. அந்தப் பதிவுகளுக்கு அடிப்படையான ஊர்க் கணக்கு, கணக்குப்பிள்ளையின் ஓலையில் இருந்தது. களத்தில் மரக்கால் பிடித்து நெல் அளந்தவர்களில் பலருக்கோ திண்ணையில் உட்கார இடமில்லை. பெண்பிள்ளைகளைப் பெரும்பாலும் அனுப்பவேயில்லை. முந்திரிக் கணக்கின் அழகைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கணக்கு தெரிந்தவர் கையில்தான் ஊரின் பங்கும் இருந்தது.

திண்ணைச் சட்டாம்பிள்ளை முறை சென்னை எழும்பூர் வழியாக இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போன கதை அடுத்த வாரம்.

(தொடரும்)