பெட்டிக்குள் புகுந்த இந்திரஜாலம்

பழனி மலையில், கொடைக்கானலுக்குக் கீழே, காப்பித் தோட்டங்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவில் இருக்கிறது பண்ணைக்காடு. சில வருஷங்களுக்கு முன் ஒரு மாலை வேளையில், அவ்வூர்க் கடைவீதி ஓரத்தில் கிழவர் ஒருவர் பழந்துணியை விரித்து, மூன்று செப்புகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணிப்பந்து ஒன்று செப்புக்குச் செப்பு தாவிற்று. கடைசியில் எலுமிச்சம்பழமாக மாறிற்று. சுற்றி நின்ற குழந்தைகள் வாயைப் பிளந்தார்கள். பத்து வயதுப் பையன் ஒருவன் மட்டும் அசையவில்லை.

"டி.வி.யிலே ரயிலையே மறைச்சுக் காட்டினாங்க, தாத்தா!" என்றான்.

கிழவருக்குக் கோபம் வரவில்லை. "அவரும் நம்ம தொழில்காரர்தான், தம்பி. அவருக்குப் பெட்டி கெடைச்சுது, எனக்குத் தெரு கெடைச்சுது" என்று சொல்லிவிட்டு, அடுத்த வித்தைக்குப் பந்தைத் தேடினார்.

தெருவில் கிடந்த நம் வித்தை டெலிவிஷன் பெட்டிக்குள் புகுந்த கதை மிகவும் ரஸமானது. அந்தக் கதையின் நாயகர் ஸ்ரீ புரதுல் சந்திர சர்க்கார். அன்று வங்காளத்தின் மைமன்சிங் ஜில்லாவில் சேர்ந்திருந்ததும், இன்று வங்க தேசத்தில் இருப்பதுமான டாங்காயில் பகுதியில், 1913 பிப்ரவரி 23-ம் தேதி பிறந்தவர். 'சர்க்கார்' என்றதும் நம் ஜனங்களுக்கு வேறு ஞாபகம் வரும். கொடுத்த வரிப்பணத்தை இருந்த இடம் தெரியாமல் செய்வதில் அந்தச் சர்க்காருக்குள்ள சாமர்த்தியம் இந்தச் சர்க்காருக்குக் கூட வராது! ஆனால் இவரும் லேசுப்பட்டவர் அல்ல. தம் பெயரின் ஆங்கில எழுத்துக்களைச் சிறிது மாற்றி, அம்மொழியில் மந்திரவாதியைக் குறிக்கும் சொல்லின் சாயல் வரும்படி செய்துகொண்டார். கணபதி சக்கரவர்த்தி என்ற வங்காள வித்தைக்காரரிடம் தொழில் பழகினார். கண்ணைக் கட்டிக்கொண்டு ஜன நெருக்கடியான வீதிகளில் சைக்கிள் விட்டுப் பெயர் வாங்கினார்.

இனி, 1956 ஏப்ரல் 9-ம் தேதி, திங்கட்கிழமை இரவு. லண்டன் பி.பி.சி.யின் 'பனோரமா' நிகழ்ச்சி. அது உலக விவகாரங்களை அலசும் கம்பீரமான நிகழ்ச்சி. விளையாட்டுக்கு அங்கே இடம் குறைவு. அதன் முடிவில் சர்க்கார் வந்து நின்றார். தீப்தி தே என்ற 17 வயதுப் பெண்ணை மேஜைமேல் படுக்க வைத்தார். வட்ட ரம்பம் கிறீச்சிட்டுச் சுழன்று, அவள் உடலின் நடுவே இறங்கிற்று. ரம்பம் நின்றதும் சர்க்கார் குனிந்து அவள் கையைத் தட்டினார், அழைத்தார். பதில் இல்லை. அவள் முகத்தைத் துணியால் மூடினார். நிகழ்ச்சியை நடத்திய ரிச்சர்டு டிம்பிள்பி முன்னே வந்து, நேயர்களுக்கு 'குட் நைட்' சொல்லி விடை கொடுத்துவிட்டார். நிகழ்ச்சி முடிந்தது!

பெண் செத்துவிட்டாள் என்றே இங்கிலாந்து நினைத்தது. பி.பி.சி.யின் டெலிபோன்கள் விடாமல் அலறின. பெண் சௌக்கியமாக இருக்கிறாள் என்று சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. மறுநாள் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் சர்க்கார்தான். நேரம் கடந்துவிட்டதால் நிகழ்ச்சியை வெட்டினோம் என்பது பி.பி.சி. தரப்பு. காலக் கணக்குத் தவறாத சர்க்கார் அன்றைக்கு மட்டும் நேரத்தைத் தவற விட்டாரா? நான் நம்பவில்லை. பெண்ணை வெட்டியது போல நிகழ்ச்சியையும் சரியான இடத்தில் வெட்டியவர் அவரே என்பது என் கட்சி. லண்டனில் ட்யூக் ஆஃப் யார்க் நாடகசாலையில் அவர் நடத்திய காட்சிகளுக்கு அதன் பிறகு டிக்கெட் கிடைப்பது அரிதாயிற்று.

இந்த வெற்றியின் அருமை தெரிய வேண்டுமானால் நூறு வருஷம் பின்னே போக வேண்டும். ஆங்கிலேயர் வாயில் 'ராமோ சாமி' ஆகிவிட்ட நம் ராமசாமி ஒருவர் லண்டன் மேடைகளில் கத்தி விழுங்கியும் பந்து வீசியும் வெகு பிரசித்தி பெற்றிருந்தார். 1850-ல் அவர் இறந்தபோது, அடக்கம் செய்யப் பணமில்லாமல் அவருடைய மனைவி பொதுஜனங்களிடம் உதவி கேட்க நேர்ந்தது. மேல்நாட்டு வித்தைக்காரர்கள் மட்டும் தலைப்பாகை கட்டி, கீழ்நாட்டுப் பெயர் சூடி, நன்றாகவே சம்பாதித்தார்கள். சர்க்கார் செய்தது அதற்குப் பதில். மகாராஜாவைப் போல் ஜரிகை அங்கியும் இறகு செருகிய தலைப்பாகையும் தரித்து, 'இந்திரஜாலம்' என்ற நம் பெயரையே காட்சிக்கு வைத்தார். அதுவும் வேஷந்தானே என்று கேட்கலாம். வேஷந்தான். ஆனால் இந்த முறை வேஷமும் வசூலும் நம்மவருடையவை.

குழந்தைகளுக்கென்று டெலிவிஷனில் வித்தை காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டில் பிறந்தவர் என்பதும் ஒரு வேடிக்கை. 1929 டிசம்பரில் பெங்களூரில், பட்டாளத்து ஆங்கிலேயர் ஒருவரின் பிள்ளையாகப் பிறந்த வில்லியம் வாலஸ், பின்னால் 'அலி பாங்கோ' ஆனார். குஞ்சம் வைத்த குல்லாயும் நுனி வளைந்த செருப்புமாக வந்து, பி.பி.சி.யில் குழந்தைகளைச் சிரிக்க வைத்தார். அந்தக் கோமாளிக் கோலம் எனக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. ஆயினும் மனிதர் கெட்டிக்காரர். திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு மற்ற வித்தைக்காரர்களின் டெலிவிஷன் காட்சிகளுக்கு யுக்தி சொல்லிக் கொடுப்பதில் பெரும் பொழுதைக் கழித்தார். 2008-ல் லண்டன் 'மேஜிக் சர்க்கிள்' சங்கத்தின் தலைவராகி, மறு வருஷமே காலமானார்.

சர்க்காருக்கு 1964-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் காட்சிகளில் குழந்தைகள் விட்டுப் பிரியாத ஒன்று, 'இந்தியாவின் தண்ணீர்' என்ற சிறு வித்தை. குடம் ஒன்றைக் கவிழ்த்து நீரையெல்லாம் கொட்டிவிடுவார். காட்சியின் நடுநடுவே அதே குடத்தை எடுத்துக் கவிழ்ப்பார். மறுபடியும் நீர் கொட்டும். இரவு முழுவதும் குடம் வற்றுவதில்லை. 1971 ஜனவரி 6-ம் தேதி, ஜப்பானில் பனி மூடிய ஹொக்கைடோ தீவில் சுற்றுப்பிரயாணம் செய்துகொண்டிருந்தபோது, 57-ம் வயதில் அவர் உயிர் பிரிந்தது. மகன் பிரதீப் சந்திர சர்க்கார் 'இந்திரஜால'த்தை ஏற்று நடத்தினார். ரயிலை மறைத்தவர் அவர்தான்.

பண்ணைக்காட்டுப் பையனிடம் இவ்வளவும் சொன்னேன். ரயிலை விட்டுவிட்டான். "அந்தக் குடத்திலே தண்ணி எப்படி வந்துச்சு?" என்று கிழவரைப் பிடித்துக்கொண்டான். கிழவர் சிரித்துக்கொண்டே செப்புகளை மூட்டை கட்டினார்.