வீட்டு வைஃபைக்குத் தாழ்ப்பாள் போட்டாச்சா?

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று தர்மபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் இன்று வீட்டுக்கு வீடு வைஃபை. ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரில் இருக்கும் பெற்றோரிடம் வீடியோ காலில் பேசுவதற்காகவே இணைப்பு எடுத்துக் கொடுக்கிறார்கள். மோடத்தைச் சுவரில் மாட்டும் கேபிள்காரர், பாஸ்வேர்டை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அடுத்த மாதமே அது பக்கத்து வீட்டுக்கும், திண்ணையில் கேம் விளையாடும் பையன்களுக்கும் தெரிந்திருக்கும். கேட்டால் இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை.

ஆனால், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, பிரச்னை என்றால் போலீஸ் முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான்.

கதவைத் தட்டிய போலீஸ்

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிய போலீஸ், நவி மும்பையின் சான்பாடாவில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த ஃப்ளாட்டுக்குப் போய் நின்றது. வேறு ஆட்கள் அவருடைய வைஃபையைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தியது பிறகுதான் தெரியவந்தது. அதற்குள் அவர் விசாரணை வளையத்தில் சிக்கித் தவித்துவிட்டார். அடுத்த ஆண்டே, வைஃபையைப் பாதுகாப்பாக வைத்திருக்கும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறை அறிவுறுத்தியது.

முதலில் செய்ய வேண்டியவை

மோடத்தின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். 192.168.1.1 போன்ற ஒரு முகவரியும், 'அட்மின்' பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். வீட்டு வைஃபையில் இணைந்தபடி, அந்த முகவரியைப் போனின் பிரவுசரில் டைப் செய்தால் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும்.

* அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல. மோடத்துக்கே உரிய சாவி.
* வைஃபை பாஸ்வேர்டையும் புதிதாக வையுங்கள். போன் நம்பர், பிள்ளையின் பெயர் வேண்டாம். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 ஆக இருக்கட்டும்.
* 'கெஸ்ட் நெட்வொர்க்' வசதி இருந்தால், விருந்தாளிகளுக்கு அதை மட்டும் கொடுங்கள். வீட்டு சிசிடிவி, டிவி போன்றவை அவர்கள் கைக்கு எட்டாது. அதன் பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்றினால் யாரிடமும் முகம் முறிக்க வேண்டியதில்லை.

வடிகட்டி எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு கருவிக்கும் 'மேக் அட்ரஸ்' என்ற 12 இலக்க அடையாளம் உண்டு. 'மேக் ஃபில்டர்' பகுதியில் குறிப்பிட்ட கருவிகளைத் தடுக்கலாம். அல்லது நம் வீட்டுக் கருவிகளை மட்டும் அனுமதிக்கலாம். இரண்டாவது முறையில், முதலில் உங்கள் போனைப் பட்டியலில் சேர்த்துவிட்டுத்தான் 'சேவ்' அழுத்த வேண்டும். இல்லையென்றால் நீங்களே வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

இன்னொரு சிக்கல், ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14-க்குப் பிறகான போன்கள் தங்கள் உண்மையான மேக் அட்ரஸை மறைத்து வேறொன்றைக் காட்டும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த மறைப்பைப் போன் செட்டிங்ஸில் நிறுத்திவிடலாம். விவரம் தெரிந்தவர்கள் மேக் அட்ரஸைப் போலியாகவும் காட்டுவார்கள். எனவே, வலுவான பாஸ்வேர்டுக்குத் துணையாக மட்டுமே இதை நம்பலாம்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு டி.என்.எஸ். வடிகட்டி உதவும். இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் டைரக்டரிதான் டி.என்.எஸ். அந்த இடத்தில் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020-ல் இலவசமாகத் தந்த 1.1.1.3, 1.0.0.3 எண்களைப் பதிந்தால், ஆபாசத் தளங்களும் வைரஸ் பரப்பும் தளங்களும் பெரும்பாலும் திறக்காது. மோடத்தில் மாற்ற முடியவில்லை என்றால் கேபிள்காரரிடம் கேளுங்கள். 'பேரண்டல் கன்ட்ரோல்' இருந்தால், பிள்ளையின் போனுக்கு இரவு 10 மணிக்கு மேல் இணையத்தை நிறுத்தவும் முடியும்.

பையன் மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இவை எதுவும் பலிக்காது. வி.பி.என்.னுக்கு மாறினால் டி.என்.எஸ். வடிகட்டி பலிக்காது. அதனால் தடை போடும்போதே, ஏன் போடுகிறோம் என்று பிள்ளையை உட்கார வைத்துப் பேசிவிடுவது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் இணையத்தில் யாராவது பணத்தைப் பறித்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். அந்த எண்ணை மோடத்துக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டி வைத்தால், ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கும் உதவும்.