உயர் அழுத்த மின்சாரமும் அதன் காவலும்

1932-ஆம் ஆண்டில் பைக்காராவின் மின்சாரம் மலையிறங்கி வந்தது முதல், கோவை வட்டாரத்தில் நூலும் மின்சாரமும் பிரிக்கவொண்ணா உறவு பூண்டன. இன்று கூட்டுறவு நூற்பாலை ஆயினும், பருத்தி அரவை ஆலை ஆயினும், பெரிய விசைத்தறிக் கூடம் ஆயினும், அதன் வாயிற்புறத்தே கம்பி வேலிக்குள் ஒரு டிரான்ஸ்பார்மர் நிற்பதைக் காண்கிறோம். அதனருகில் அல்லது தனி அறை ஒன்றில் இரும்புப் பெட்டி ஒன்றும் இருக்கும். டிரான்ஸ்பார்மரை அங்கத்தினர் யாவரும் அறிவர். பெட்டியை அறிந்தவர் சிலரே. அதற்கு ஸ்விட்ச் கியர் என்று பெயர்.

இப்பெட்டியின் பராமரிப்புச் செலவைக் குறைத்தால் என்ன என்று நிர்வாகக் குழுவினர் கேட்பதை நாம் பல சங்கங்களில் செவியுற்றிருக்கிறோம். அது ஒரு முழம் நூலும் நூற்பதில்லை. ஆண்டு முழுதும் அசையாமல் நிற்கிறது. ஆகவே கேள்வி இயல்பானதே. விடை காண, அதன் வேலை இன்னதென்று அறிதல் வேண்டும்.

ஏன் உயர் அழுத்தம்?

வீட்டு விளக்குக்கு 230 வோல்ட்டும், தறி மோட்டாருக்கு 400 வோல்ட்டும் போதும். ஆலைக்கோ 11,000 அல்லது 22,000 வோல்ட்டில் மின்சாரம் வருகிறது. காரணம் எளிது. 500 கே.வி.ஏ. அளவு மின்சாரத்தை 400 வோல்ட்டில் கொண்டுவர ஏறக்குறைய 720 ஆம்பியர் ஓட வேண்டும். 11,000 வோல்ட்டில் 26 ஆம்பியரே போதும். ஓட்டம் குறைந்தால் மெல்லிய கம்பி போதும். வழியில் வெப்பமாக வீணாவதும் குறையும். உலக நாடுகளின் பொறியியல் நூல்கள் 1,000 முதல் 36,000 வோல்ட் வரையிலான இவ்வகையைப் பொதுவாக நடுத்தர அழுத்தம் என்னும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் 650 வோல்ட்டுக்கு மேல் 33,000 வரை உயர் அழுத்தம் என்றன. நம் மக்கள் வழக்கில் இது எச்.டி. சர்வீஸ்.

மதகு வேறு, மின்சாரம் வேறு

மதகை இறக்கினால் வாய்க்கால் நீர் நின்றுவிடும். மின்சாரம் அவ்வாறு நிற்பதில்லை. ஓட்டம் உள்ளபோது தொடுமுனைகளைப் பிரித்தால், இடையிலுள்ள காற்றே பல்லாயிரம் டிகிரி வெப்பத்தில் எரிந்து, மின்சாரத்துக்குப் பாலமாகிவிடுகிறது. இதனை மின்வில் என்பர். இணைப்பில் பழுது நேரும்போது 26 ஆம்பியர் ஓடிய கம்பியில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். அந்நிலையில் மின்வில்லை அணைப்பதே பிரேக்கரின் வேலை.

நம் மாற்று மின்னோட்டம் வினாடிக்கு 100 முறை சுழியத்தைத் தொட்டு மீள்கிறது. அக்கணம் பார்த்து, மின்வில் மீண்டும் மூளாதபடி பிரேக்கர் தடுத்துவிடுகிறது. பழைய பிரேக்கர்கள் இதற்கு எண்ணெயைப் பயன்படுத்தின. பின்னர் சல்பர் ஹெக்ஸாபுளோரைடு என்னும் வாயு வந்தது. அது நல்ல காப்புப் பொருளே. ஆயினும் புவியை வெப்பமாக்குவதில் கரியமில வாயுவைப் போல் 20,000 மடங்குக்கும் மேலானது. ஆகவே ஐரோப்பிய ஒன்றியம் 24,000 வோல்ட் வரையிலான புதிய ஸ்விட்ச் கியர்களில் அதனைப் பொதுவிதியாக 2026 ஜனவரி முதல் விலக்கியுள்ளது. நம் ஆலைகளுக்கு ஏற்றது காற்று நீக்கிய பீங்கான் குடுவைக்குள் தொடுமுனைகள் பிரியும் வாக்குவம் பிரேக்கர்.

கண்ணும் உயிரும்

ஊடை நூல் அறுந்ததும் தானே நிற்கும் விசைத்தறியை நெசவாளர் அறிவர். நூல் அறுந்ததை உணரும் உறுப்பு ஒன்று. தறியை நிறுத்தும் உறுப்பு மற்றொன்று. இங்கும் அவ்வாறே. ஓட்டத்தை அளந்து பழுதை உணர்வது ரிலே. அதன் ஆணைப்படி திறப்பது பிரேக்கர். பழுது பெரிதாயின் வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் இது நடந்துவிடலாம்.

ஆனால் அந்த ஆணையைப் பெரும்பாலான நிலையங்களில் கொண்டு செல்வது, மூலையில் இருக்கும் ஒரு பாட்டரியே. பழுது நேரும் கணத்தில் வெளி மின்சாரம் தாழ்ந்துவிடலாம் என்பதற்காகவே இந்தத் தனி ஏற்பாடு. பாட்டரி செத்திருந்தால் ரிலே பழுதைக் கண்டும் பயனில்லை, பிரேக்கர் திறவாது, டிரான்ஸ்பார்மர் எரியும், அருகில் நிற்பவர் உயிருக்கும் கேடு. சில நூறு ரூபாய்ப் பராமரிப்பை மறுத்துப் பல இலட்சம் ரூபாய்ச் சொத்தைப் பணயம் வைப்பது சிக்கனம் ஆகாது.

வரிசை தவறலாகாது

பிரேக்கரையும் ஐசொலேட்டரையும் ஒன்றென எண்ணுவது பெரும் பிழை. கம்பத்தில் கைப்பிடியுடன் காணும் ஏ.பி. ஸ்விட்ச்சும் ஐசொலேட்டர் வகையே. மின்வில்லை அணைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டதைக் கண்ணுக்குக் காட்டுவதே அதன் பணி. சுமை ஓடும்போது அதனை இழுப்பவர் முகத்தெதிரே மின்வில் எழும்.

ஆகவே நிறுத்தும்போது முதலில் மோட்டார்ச் சுமைகள், அடுத்துப் பிரேக்கர், அதன் பின்னரே ஐசொலேட்டர். பிறகு பூட்டுப் போட்டு எச்சரிக்கைப் பலகை மாட்ட வேண்டும். உரிய கருவியால் மின்சாரம் இல்லை என்று சோதித்து, எர்த் செய்ய வேண்டும். மின்சாரம் தரும்போது எர்த்தை நீக்கி, ஐசொலேட்டரை மூடி, இறுதியில் பிரேக்கரை மூடுவர். தகுதிச் சான்று பெற்ற மின் பணியாளர் தவிர வேறெவரும் இதில் கை வைக்கலாகாது.

நிறுத்திய கம்பிக்கு எர்த் எதற்கு என்று கேட்கலாம். ஆலையின் டீசல் ஜெனரேட்டர் முறையான மாற்று ஸ்விட்ச் இன்றி இணைக்கப்பட்டிருந்தால், அதன் 400 வோல்ட் அதே டிரான்ஸ்பார்மர் வழியே திரும்பி 11,000 வோல்ட்டாக வெளிக் கம்பிக்கு ஏறும். லைன் கிளியர் பெற்றுக் கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு அது எமன். எர்த் செய்த கம்பி அவ்வாபத்திலிருந்து அவரைக் காக்கிறது.

விவசாய அங்கத்தினர்க்கு

வயலில் அறுந்து விழுந்த உயர் அழுத்தக் கம்பியை, பிரேக்கர் நிறுத்தியிருக்கும் என்று நம்பி நெருங்கலாகாது. உலர்ந்த மண்ணிலும் பாறையிலும் தரைக்குப் பாயும் ஓட்டம் ரிலேக்குப் புலப்படாத அளவு சிறிதாக இருக்கக்கூடும். ஆளைக் கொல்ல அது போதும். ஆட்களையும் கால்நடைகளையும் வெகு தூரம் விலக்கி நிறுத்தி, மின் அலுவலகத்துக்கு உடனே சொல்லி, அவர்கள் வரும்வரை காவல் இருப்பதே நம் கடமை.

எச்.டி. சர்வீஸ் உள்ள சங்கத்தின் நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் நான்கு கேள்விகளை எழுப்பட்டும். பாட்டரி எந்நாளில் சோதிக்கப்பட்டது? ரிலேயும் பிரேக்கரும் சேர்ந்து இயங்குவதைக் கடைசியாக எப்போது பார்த்தனர்? எர்த்தின் மின்தடை அளவு பதிவேட்டில் உள்ளதா? ஜெனரேட்டரின் மாற்று ஸ்விட்ச் முறையானதா? விடைகள் தேதியுடன் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். தேதியில்லாத விடையை விடையாக ஏற்க வேண்டாம். அங்கத்தினர் ஒவ்வொருவரின் பங்குத் தொகையும் அந்த இரும்புப் பெட்டியின் காவலில் இருக்கிறது. அதனருகில் வேலை செய்பவர் உயிரும் அங்கேதான் இருக்கிறது.